ஆழம் தெரியாமக் காலை வைக்காதே, ராசா

வாடா ராசா. அந்தப் பக்கம் வேணாம், இந்தப் பக்கமா வந்து குந்து. எடது காதுக்கு நான் லீவு குடுத்து ரொம்ப வருசம் ஆவுது. மூஞ்சி ஏன் நேத்துப் பறிச்ச முருங்கக்கீரையாட்டம் தொங்குது? பொண்ணு எதுவும் வேணாம்னுட்டுதா? இல்லியா? அப்ப அதுக்கும் மேலப்பட்ட துக்கம். சொல்லு.

இன்னாது? கிட்டார் பொட்டிக்குக் கால் சுவிட்ச் இல்லியா?

அட போடா! இதுக்கா மூணு நாளா சோறு வேணாங்கற? ஒங்கம்மா தெருப் பூரா சொல்லிக்கினு திரியுது. நான்கூட, "வழுதாவூர் ரோட்டுமேல அம்மாம் பெரிய இந்திரா காந்தி மெடிக்கல் காலேஜு நிக்கிது, கதிர்காமத்துல குடியிருக்கிறவங்களுக்கு அது கூட ஒதவலன்னா எப்பிடி, அழைச்சிக்கினு போம்மா"ன்னு சொல்லி அனுப்பிச்சேன். நல்லவேள நீ போவல. போயிருந்தா ரத்தம் எடுத்துப் பாத்திருப்பாங்க. ரத்தத்துல சுவிட்ச் கொறைவுன்னு எழுதியா குடுப்பாங்க?

சரி, கதைய நான் சொல்றேன், சரியா தப்பான்னு நீ தலைய மட்டும் ஆட்டு. ஆரோவில்லுலேர்ந்து ஊருக்கு மூட்ட கட்டுன வெள்ளக்காரர் ஒருத்தர்கிட்ட ஆம்ப்ளிஃபையர் வாங்குன. பாதி வெலைன்னு பல்லக் காட்டிக்கினு தூக்கியாந்த. அதுல ரெண்டு சேனலு. ஒண்ணு சாது, ஒண்ணு காடு. பின்னால ஒரு ஓட்ட, அதும்மேல 'ஃபுட்சுவிட்ச்'னு எழுத்து. ஓட்ட வந்துது, ஓட்டைக்குள்ள போறது வரல. குடுத்தவரு பிளேன் ஏறிட்டாரு. ஜூன் 21ஆந் தேதி வருது, தெருவுல நின்னு வாசிக்கணும். கம்பெனி சுவிட்ச் ஆறாயிரம்னான், ஆறு வாரம்னான், அனுப்புற கூலி தனின்னான். சுண்டக்கா காப்பணம், சுமகூலி முக்காப்பணம். சரிதானா?

அந்த ஜூன் 21 இசைத் திருவிழா விசயம் எனக்கும் தெரியும்டா. 1982ல பிரான்சுல ஆரம்பிச்சது, நம்ம ஊருல அலியான்ஸ் பிரான்சேஸ்காரங்க நடத்துறாங்க. ஆரம்பிச்சப்ப அங்க கலாசார மந்திரி பேரு ஜாக் லாங். மந்திரிக்குப் பேருலயே ஜாக்கு இருக்குது, உனக்குப் பொட்டியில சொருவறதுக்கு ஒரு ஜாக்கு இல்ல. தலையெழுத்து.

கெழவனுக்கு இன்னா தெரியும்னு பாக்காத. நாப்பது வருசம் மைக் செட்டு போட்டவன் நானு. கல்யாணம், காது குத்து, மஞ்சத்தண்ணி, மாசிமகம், எலெக்சன், எல்லாத்துக்கும் தென்னமரத்துல ஏறிக் கொழாய் கட்டியிருக்கேன். நீ சொல்ற சாமானெல்லாம் எனக்குத் தாயாதிதான். பேரு மட்டும் இங்கிலீசுல வச்சிக்கினு பெரிய எடத்துப் புள்ளையாட்டம் நடிக்கிது.

மொதல்ல ஒரு கேள்வி. சேனல மாத்த பொட்டி மேலயே பொத்தான் இருக்குதே, காலால ஏன்? "கை ரெண்டும் கிட்டாருல இருக்குது தாத்தா." ஆங், அப்பிடிச் சொல்லு. கை ரெண்டும் மாட்டிக்கினா மனுசன் காலக் கூப்புடுவான். நெசவுக்காரன் குழிக்குள்ள காலத் தொங்கப் போட்டுத் தறிய மிதிச்சான். தையக்காரன் மிதிச்சான். கருவடிக்குப்பத்துல சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி இருக்குதே, பாத்திருக்கியா? பைக்குல அந்தப் பக்கமா பறப்ப, நின்னிருக்க மாட்ட. நாடகத்துக்கே வாத்தியாரு அவரு, 1922ல நம்ம பாண்டியிலதான் கண்ண மூடுனாரு. அந்த நாடகக் கொட்டாயில கால் ஆர்மோனியம்னு ஒண்ணு வைப்பாங்க. கால் ரெண்டும் மிதிச்சிக் காத்தடிக்கும், கை ரெண்டும் கட்ட மேல ஓடும், வாயி பின்பாட்டு பாடும், கண்ணு ராஜபார்ட்டு எப்ப நிறுத்துவான்னு பாத்துக்கினே இருக்கும். விடிய விடிய. நீ ஒரு பாட்டுக்கு ரெண்டு தடவ மிதிக்கணும். அதுக்கு ஆறாயிரம், ஆறு வாரம், மூணு நாள் பட்டினி.

இப்ப சொல்லு, அந்த ஆறாயிரத்துக்குள்ள இன்னா இருக்குதுன்னு நெனச்ச? சர்க்யூட்டா? மண்ணாங்கட்டி. ரெண்டு கம்பி இருக்குது. தொட்டா ஒரு சேதி, விட்டா ஒரு சேதி. அவ்ளோதான். பூம்பூம் மாடு பாத்திருக்க இல்ல? மாடு தலையத்தான் ஆட்டும், ஜோசியம் சொல்றது மாட்டுக்காரன். கால் சுவிட்ச் அந்த மாடு. சேனல மாத்துறது பொட்டிக்குள்ள இருக்குற ரிலேயோ டிரான்சிஸ்டரோ. மாட்டுக்கு ஆறாயிரம் குடுக்குற, மாட்டுக்காரன இன்னான்னு கேக்கல.

இலங்கையில ஒரு கதிர்காமம் இருக்குது, தெரியுமில்ல? அங்க முருகனுக்குத் திரைக்குப் பின்னாலதான் பூசை. உள்ள இன்னா இருக்குதுன்னு கும்புடறவனுக்குக் காட்டறதில்ல. சாமிக்கு அது அழகு. சுவிட்சுக்கு அது ஆவாது. நீ கம்பெனிப் பேரத் திரையாத் தொங்கவுட்டு, அதுக்கு முன்னால கற்பூரம் ஏத்திக்கினு நிக்கிற.

இன்னொண்ணு சொல்றேன் கேளு. ஃபெண்டர்னு பேரு போட்ட கிட்டார் படத்த ஒட்டி வச்சிருக்கியே செவுத்துல, அந்த லியோ ஃபெண்டர் யாரு? 1938ல கலிபோர்னியாவுல ஃபுல்லர்டன்னு ஒரு ஊருல ரேடியோ ரிப்பேர் கட தொறந்தவரு. நம்ம சாதிசனம். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே வராது. அதுல நீயும் அவரும் ஒண்ணு. ஆனா அவரு வாசிக்கிறேன்னு தெருவுக்கு வரல.

கோச்சுக்காத, குந்து. இனிமேதான் வெவரம்.

சுவிட்சுல ரெண்டே ரகம்தான். ஒண்ணு வீட்டு லைட்டு சுவிட்ச் ரகம். போட்டா போட்டது, அணைச்சா அணைச்சது, நீ போய்ப் படுத்துக்கினாலும் அது அப்பிடியே நிக்கும். இன்னொண்ணு காலிங் பெல் ரகம். வெரல் இருக்குற வரைக்கும்தான் பேச்சு, எடுத்தா விட்டுரும். கடைக்காரன் மொதலத லாச்சிங் பான், அடுத்தத மொமெண்டரி பான். பேரு தெரியாட்டியும் பரவால்ல, லைட்டு, பெல்லுன்னு ஞாபகம் வச்சிக்க.

ஒம் பொட்டி எந்த ரகத்துக்குத் தலையாட்டும்? அது முன்னால பின்னால எங்கயும் எழுதியிருக்காது. தப்பா மாட்டுனா வேடிக்கதான். லைட்டு ரகம் கேக்குற பொட்டிக்கு பெல் சுவிட்ச மாட்டுனேன்னு வையி, பாட்டு முடியிற வரைக்கும் அத மிதிச்சிக்கினே ஒத்தக்கால் கொக்காட்டம் நிக்கணும். பெல் ரகம் கேக்குற பொட்டிக்கு லைட்டு சுவிட்ச் மாட்டுனா, ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு மிதி மிதிக்கணும். பாக்கறவன் எறும்பு கடிக்கிதுன்னு நெனைப்பான்.

அதனால பொட்டியத்தான் கேக்கணும். அதுக்கு ஒரு ஜாக்கு பின் வாங்கிக்க. கால் இஞ்சு, மில்லிக் கணக்குல 6.35. ரேடியோ சாமான் கடையில பி-38ன்னு கேப்போம். ஆனா அது வெறும் மோனோ. நீ ஸ்டீரியோ பின்னாக் கேளு. மோனோவுக்குக் கறுப்புக் கோடு ஒண்ணு, ஸ்டீரியோவுக்கு ரெண்டு. முனை ஒண்ணு, நடுவுல வளையம் ஒண்ணு, ஒடம்பு ஒண்ணு. மூணுலயும் ஒவ்வொரு ஒயரப் பத்த வையி.

ஏன் ஸ்டீரியோன்னு கேக்க மாட்டியா? கேக்கணும்டா, சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுனா நீதான் மாடு. ஒம் பொட்டியில சேனலு மட்டும் இல்ல, எதிரொலி குடுக்குற ரிவெர்ப்பும் இருக்குது இல்ல? ரெண்டு வேல இருந்தா, ஒரு வேலைக்கு முனை, ஒரு வேலைக்கு வளையம், ரெண்டுக்கும் பொதுவா ஒடம்புன்னு வைக்கிறதுதான் வழக்கம். அதுல போயி மோனோ பின்ன சொருவுனா, மோனோவோட நீளமான ஒடம்பு வளையத்தையும் சேத்துக் கவ்விக்கும். நீ ஒண்ணும் தொடாமயே ரிவெர்ப் கட்டாயிப் போவும். உடனே "வெள்ளக்காரன் ஏமாத்திட்டான்"னு மண்ண வாரித் தூத்துவ.

இந்த ஜாக்குகூட கிட்டாருக்குன்னு பொறந்ததில்ல ராசா. போன நூத்தாண்டுக்கும் முந்துன நூத்தாண்டுல, டெலிபோன் எக்சேஞ்சுல ஆள மாத்தி ஆளுக்கு லைன் குடுக்கப் பொறந்தது. அங்க வேல பாத்த பொண்ணுங்க ஒரு கையில எடுத்து ஒரு கையில சொருவும். கல்யாணத்துக்கு முன்னால எங்க கெழவிகிட்ட பேசலாம்னு நான் ஒரு தடவ டிரங்க் கால் போட்டேன். மூணு மணி நேரம் தபாலாபீஸ் பெஞ்சுல குந்தியிருந்து லைன் கெடச்சிது. பேசுனது அவங்கப்பா. அன்னிக்கே தெரிஞ்சிக்கினேன், எந்த ஜாக்கு எந்த ஓட்டையில போவுதுன்னு பாக்காம பேச ஆரம்பிக்கக் கூடாதுன்னு.

இப்ப கேளு, இங்கதான் ஆளுங்க கால வுட்டுக்கிறது. ஒம் பொட்டி பின்னால அதே அளவுல இன்னொரு ஓட்ட இருக்கும், ஸ்பீக்கர்னு எழுதி. அதுல சொருவி நீ கம்பி ரெண்டையும் சேத்தேன்னு வையி, உள்ள இருக்குற அவுட்புட் டிரான்சிஸ்டருக்குப் பாலூத்திட வேண்டியதுதான். நானே ஒரு கல்யாணத்துல, வயசுப் பசங்க பாக்கறாங்கன்னு ஸ்டைலா பாக்காம சொருவுனேன். முகூர்த்த நேரத்துல ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து சாம்பிராணிப் பொக. பொண்ணோட தாய்மாமன் கால் தட்டித்தான் போச்சின்னு சொல்லி, அந்த ஆளுகிட்டயே பாதிக் காசு வாங்குனேன். அவரு செத்து பத்து வருசமாச்சி, இன்னிக்கும் அந்த ஊருப் பக்கம் போனா எனக்குக் கால் தடுக்குது.

அதனால எழுத்தப் படிச்சி, டார்ச் அடிச்சிப் பாத்து, ஃபுட்சுவிட்ச் ஓட்டையில சொருவு. கம்பிங்க ஒண்ணோட ஒண்ணு தொடாம இருக்கணும். மீட்டர டிசி வோல்ட்டுல வச்சி முனைக்கும் ஒடம்புக்கும் நடுவுல பாரு. அஞ்சோ, பத்தோ, பதினஞ்சோ காட்டுனா பயமில்ல. அதுக்கு மேல எகிறுனா, இல்ல ஏசி காட்டுனா, கைய எடுத்துட்டு எங்கிட்ட வா. அப்பறம் சவுண்ட கொறைச்சி வச்சிக்கினு முனைக் கம்பிய ஒடம்புக் கம்பியோட தொடு. தொட்டப்ப மாறி, விட்டா திரும்பி வந்துட்டா லைட்டு ரகம். ஒரு தடவ தொட்டு விட்டதும் மாறி அப்பிடியே நின்னு, மறுபடி தொட்டாத்தான் திரும்புதுன்னா பெல் ரகம். வளையத்துக்கும் அதே மாதிரி. அஞ்சு நிமிச வேல.

பொட்டியத் தொறக்காத. ஒன்னுது டிரான்சிஸ்டர் பொட்டி, இருந்தாலும் உள்ள மெயின் கரண்டு ஓடுது. வால்வு பொட்டியா இருந்தா பிளக்கப் புடுங்குன அப்பறமும் உள்ள கண்டென்சர்ல நூத்துக்கணக்குல வோல்ட்டு குந்திக்கினு இருக்கும். செத்த பாம்புன்னு வாலப் புடிச்ச கதை ஆயிடும்.

அது இன்னா பையில? எடு. அட! சண்டே மார்க்கெட்டுல வாங்குனியா, காந்தி வீதியிலயா? எவ்ளோ? எரநூறா! வித்தவன் இன்னிக்கி வீட்டுல கறி எடுத்திருப்பான். டேய், இது தையல் மிஷின் மோட்டாரு மிதிடா. எவ்ளோ அமுக்குறியோ அவ்ளோ வேகம் வரும். மெயின் கரண்டு ஒயரோட வேற தொங்குது. இத மிதிச்சா ஒஞ் சேனலு மாறாது, ஒன் ஜாதகம் மாறும். கால்ல மிதிக்கிறதெல்லாம் கால் சுவிட்ச்னா சைக்கிள் பெடலையும் கழட்டியா. குடு இப்பிடி, எதுத்த வூட்டுத் தையக்காரம்மாவுக்கு ஆவும். சும்மா இல்ல, ஒரு சட்ட தச்சித் தரும். தெருவுல வாசிக்கப் போறவன் பட்டன் இருக்குற சட்ட போட்டுக்கினு போ.

எழுந்துரு. போயி பொட்டியக் கேட்டுக்கினு வா.

*

வந்துட்டியா? மூஞ்சியப் பாத்தாலே தெரியிது. இன்னா சொல்லிச்சி பொட்டி? தொட்டா மாறுது, விட்டா திரும்புது. முனை சேனலு, வளையம் ரிவெர்ப். பன்னெண்டு வோல்ட்டு. பாத்தியா, வாயில்லா ஜீவன் உங்கிட்ட நெஜத்தச் சொல்லுது. உனக்கு ரெண்டு லைட்டு ரகம் வேணும். அவ்ளோதான் கம்பெனி ரகசியம்.

உன் அதிர்ஷ்டம் நல்ல பொட்டியா வந்துது. சில பொட்டிங்க கள்ளத்தனம் பண்ணும். சிலதுல ரெண்டே கம்பியில ரெண்டு வேல நடக்கும், பிளஸ் போனா ஒண்ணு, மைனஸ் போனா ஒண்ணுன்னு டயோடு வச்சிப் பிரிச்சிருப்பான். அதுக்குப் படம் பாக்காம கைய வைக்க முடியாது. சிலதுல ஜாக்குக்குப் பதிலா அஞ்சு முள்ளு டின் சாக்கெட்டு இருக்கும். புதுசா வர்ற கம்ப்யூட்டர் பொட்டிங்கள்ல சுவிட்சுக்கும் பொட்டிக்கும் நடுவுல குறிச்சொல்லு பேசிக்கும். அந்த மாதிரி கெடச்சா மீசைய முறுக்காம கம்பெனிக்காரனுக்கே காச குடுத்துட வேண்டியதுதான். எல்லாக் கதவுக்கும் கள்ளச்சாவி இல்ல.

இப்ப சாமானுக்கு வருவோம். அந்தப் பரண் மேல கோணி இருக்குது, எறக்கு. பாத்து, தும்முவ. ஆங், இதான். இன்னான்னு சொல்லு? தெரியாதா? அம்பாசடர் காரு டிப்பர் சுவிட்ச்டா. பழைய மாடல்ல டிரைவரு எடது கால் பக்கத்துல தரையில இருக்கும். எதுக்க வண்டி வந்தா காலால ஒரு தட்டு, ஹெட்லைட்டு எறங்கும். இன்னொரு தட்டு, ஏறும். சேனல் மாத்தறதுன்னா இதான்! 2014ல அந்தக் காரையே நிறுத்திட்டான், இது இன்னும் 'டக்கு டக்கு'ன்னு பேசுது பாரு. பூட்சு காலு மிதிச்சது. உன் செருப்புக்கா அசையப் போவுது?

மாட்டிக்கலாமான்னு கண்ணு மின்னுதே. வேணாம். ஏன்னு சொல்றேன். இது ஹெட்லைட்டோட கரண்ட முழுங்கி வளந்த வாயி. ஆம்பியர் கணக்குல சாப்புட்டது. அந்தக் கரண்டு ஓடற ஓட்டத்துலயே உள்ள புடிச்ச பாசி எரிஞ்சி, வாயி சுத்தமா இருக்கும். ஒம் பொட்டி குடுக்கறது எறும்புக்குப் போடற நொய்யி. அவ்ளோ கொஞ்சம் கரண்டு பாசியத் தாண்டாது. ஒரு தட்டுக்குக் கேக்கும், அடுத்த தட்டுக்கு மொறைக்கும். பெரிய வூட்டு விருந்துல சாப்புட்டவன கஞ்சிக்குக் கூப்புட்டா இப்பிடித்தான். திரும்ப கோணியில போடு. காட்டத்தான் எறக்கச் சொன்னேன்.

புதுசா வாங்கு. கிட்டார் பெடலுக்குன்னே இரும்புத் தலையோட கால் சுவிட்ச் விக்கிது, ஆறு காலு இருக்கும், டிபிடிடின்னு கேளு, லாச்சிங்னு அழுத்திச் சொல்லு. ரெண்டு வாங்குனாலும் பிரியாணி செலவுதான் ஆவும். மெட்ராசுக்குப் போறவன் எவனாச்சும் இருந்தா ரிச்சி தெருவுல வாங்கியாரச் சொல்லு, இல்லாட்டி போனத் தட்டு, வூட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போவான். சோத்துக்கே அப்பிடித்தான போன் பண்ற?

சுவிட்ச வைக்கிறதுக்கு பிளாஸ்டிக் டப்பா வேணாம். நாலு நாள்ல நசுங்கும். செவுத்துக்குள்ள ஒயரிங்குக்குப் புதைக்கிற இரும்பு பாக்ஸ் இருக்குது பாரு, எலக்ட்ரிக்கல் கடையில அத வாங்கு. சுவிட்ச் கழுத்துக்கு 12 மில்லி ஓட்ட வேணும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில எந்தப் பட்டறையிலயாச்சும் சிரிச்சி நில்லு, டீ செலவுல ரெண்டு ஓட்ட போட்டுத் தருவாங்க. உங்க மாமன் டிரில்லர வச்சிக்கினு வூட்டுலயே போடறேன்னு நிக்காத, வெரலுக்குத் தனியா ஆர்டர் போட முடியாது. அடியில பழைய சைக்கிள் டியூப்ப வெட்டி ஒட்டு. இல்லன்னா நீ மிதிக்க மிதிக்க அது தள்ளிப் போவும், நீ பின்னாலயே போவ, கடைசிப் பாட்டு பீச்சுலதான் முடியும்.

ஒயருக்கு எங்கிட்ட வா. மைக் ஒயரு இருக்குது. உள்ள ரெண்டு கம்பி, சுத்தி வலை. உனக்கு வேண்டியதும் அதான். ஒரு கம்பி முனைக்கு, ஒரு கம்பி வளையத்துக்கு, வலை ஒடம்புக்கு. சும்மா சேதி சொல்ற வேலைக்கு எந்த ஒயரும் போதும். ஆனா பழைய வால்வு பொட்டிங்கள்ல ரிவெர்ப்போட சத்தமே கால் சுவிட்ச் வரைக்கும் வந்து அங்கதான் அடங்கும். அதுக்கு வலையில்லாத ஒயரு போட்டா ஊருல இருக்குற இரைச்சலெல்லாம் உள்ள வந்து 'ஊம்'ன்னு பாடும். நாளைக்கி நீ பெரிய ஆளாகி வால்வு பொட்டி வாங்குனாலும் ஒதவட்டுமே. வாங்குவியோ மாட்டியோ, கெழவன் நெனைச்சிப் பாக்கக் கூடாதா?

ரிவெர்ப்னா உள்ள ஸ்பிரிங்குடா. ஃபெண்டர்காரரு 1963ல பொட்டிக்குள்ளயே வச்சி விக்க ஆரம்பிச்சாரு. ஒன்னுதுல ஸ்பிரிங் இருக்குதா, இல்ல சிப்புல நடிக்கிதான்னு தெரியணுமா? லேசாத் தட்டிப் பாரு. ஸ்பிரிங்கா இருந்தா இடி இடிக்கும். லேசான்னு சொன்னேன். ஓங்கி ஒதைக்காத.

ஆறு காலுல ஒரு பக்கம் மூணு, இன்னொரு பக்கம் மூணு. ரெண்டு பக்கமும் தனித்தனிக் குடித்தனம், சேந்து எழுந்துருக்கும், சேந்து படுக்கும். ஒரு பக்கத்துல நடுக்காலுக்கு சேனல் கம்பி, ஓரக்காலுக்கு வலை. அவ்ளோதான் பொட்டி சங்கதி. இன்னொரு பக்கம் சும்மா கெடக்குது பாரு, அதுல ஒரு செவப்பு எல்இடி வையி.

இன்னா? வேணாமா? "சத்தத்துலயே தெரியும் தாத்தா, எதுக்கு வெளக்கு?" தெரியும், தெரியும். வையின்னா வையி.

பொட்டியோட லைன்லயே எல்இடிய கோக்கலாம், சில கம்பெனிக்காரங்க அப்பிடித்தான் பண்றாங்க. ஆனா செவப்பு எல்இடி தன் பங்குக்கு ரெண்டு வோல்ட்ட அமுக்கிக்கும். தரகர் வச்சா சும்மாவா? மிச்சம் போறத பொட்டி ஒத்துக்காம மொரண்டு புடிச்சாலும் புடிக்கும். அதனால தனியா ஒரு 9 வோல்ட்டு பேட்டரி வையி. பேட்டரியில பிளஸ்சுலேர்ந்து ஒரு ரெசிஸ்டரு, அதுலேர்ந்து எல்இடியோட நீளக்காலு, குட்டக்காலுலேர்ந்து சுவிட்சோட நடுக்காலு, ஓரக்காலுலேர்ந்து பேட்டரி மைனஸ். ரெசிஸ்டரு நாலு புள்ளி ஏழு கே. மஞ்சள், ஊதா, செவப்பு. ஒன்பதுல ரெண்டு போனா ஏழு, அத அதால வகுத்தா ஒன்ற மில்லி ஆம்பியர். இப்ப வர்ற எல்இடிக்கு அது போதும், பேட்டரியும் சீக்கிரம் சாவாது. ரெசிஸ்டரு இல்லாம நேரா குடுத்தீன்னா ஒரு தடவ நல்லா எரியும். ஒரே ஒரு தடவ.

பத்த வைக்கிறப்ப ஈயத்த அயன் மேல வைக்காத, காலு மேல வையி. காலு சூடாவணும், ஈயம் தானா ஓடிப் போயி ஒட்டிக்கும். நீ ஈயத்த அயன்ல உருக்கி அப்பளமாட்டம் மேல அப்புனா, அது ஒட்டுன மாதிரி நடிக்கும், மேடையில கழண்டுக்கும். ஒயரு பாக்சுக்குள்ள நுழையிற எடத்துல உள்பக்கமா ஒரு முடிச்சிப் போடு. தெருவுல எவனாச்சும் ஒயர்ல தடுக்குவான். இழுப்ப முடிச்சி வாங்கிக்கணும், நீ பத்த வச்சது வாங்கக் கூடாது.

போ. தப்பாப் போனாலும் பரவால்ல, மறுபடி பத்த வச்சிக்கலாம். ஓட்டைய மட்டும் பாத்து சொருவு.

*

வா வா வித்துவான். நேத்து கூட்டிக்கினு போயி பிளாஸ்டிக் சேர்ல ராசாவாட்டம் குந்த வச்ச, அதுக்கே உனக்கு நூறு வயசு. எப்பிடி இருந்துதுன்னு கேக்கத்தான வந்திருக்க? கேளேன். வெக்கத்தப் பாரு.

நல்லாத்தான் இருந்துது. சட்ட நல்லா இருந்துது. மூணாவது பாட்டுல மட்டும் மாத்த வேண்டிய எடத்துல மாத்தாம, ரெண்டு அடி தள்ளி மிதிச்ச. அப்பறம் அவசரத்துல ரெண்டு தட்டு தட்டிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி ஆகாசத்தப் பாத்த. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நீ கூடத்தையும் பாக்காம மேகத்தப் பாக்கற.

வாயப் பொளக்காத, ஈ போவும். ஒங் கூட்டாளிங்ககூட கண்டுபுடிக்கலையா? நான் எப்பிடிக் கண்டுபுடிச்சேன்னா கேக்கற?

வெளக்குதான்டா.

கொழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்துல நாப்பது வருசம் நின்ன காது இது. எடதுதான் போச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரியறேன், வலதும் பாதிதான். பேச்ச ஒதட்டப் பாத்துத்தான் புடிக்கிறேன். ஒஞ் சாது சேனலும் காட்டுச் சேனலும் எனக்கு ஒரே மாதிரி தூரத்துல வண்டி போற சத்தம்தான். நீ எப்ப மாத்துவன்னு எனக்கெப்பிடித் தெரியும்? அதான் செவப்பு வெளக்கு வையின்னேன். ராத்திரி பூரா அதையே பாத்துக்கினு குந்தியிருந்தேன். எரியிறப்ப எல்லாம் காடுன்னு நெனச்சிக்கினேன், அணையிறப்ப எல்லாம் சாதுன்னு நெனச்சிக்கினேன். நல்லாத்தான் இருந்துது.

போன வருசம் மெடிக்கல் காலேஜுக்கு நானும் போனேன். அந்த டாக்டரம்மா எழுதிக் காட்டுச்சி. காதுக்குள்ள பொடி முடியாட்டம் செல்லுங்க இருக்குதாம், சத்தத்துல செத்தா அது திரும்ப மொளைக்காதாம். நானும் உன்ன மாதிரியே, மாத்துறதுக்கு வேற சாமான் கெடைக்குமாம்மான்னு கேட்டேன். சிரிச்சிது. மிஷின் வைக்கலாம், மாத்த முடியாதுன்னுச்சி. ஆறாயிரம் குடுத்து ஆறு வாரம் காத்திருந்தாலும் வராத சாமான் அது ஒண்ணுதான் ராசா.

நீ நேத்து பொட்டிய எங்க வச்சிருந்த? காலடியில. சத்தத்த முழங்காலுக்கு வாசிச்சிக்கினு, கேக்கலன்னு ஏத்திக்கினே போன. பொட்டிய ஒரு ஸ்டூல் மேல தூக்கி வையி, கொஞ்சம் சாச்சி வையி, பாதி சவுண்டுலயே கேக்கும். மருந்துக் கடையில காதுக்கு அடைப்பான் விக்கிது, ரெண்டு வாங்கி கிட்டார் பையில போட்டுக்க. இதுக்கும் படம் வரைஞ்சி குடுக்கணுமா?

சரி, பேட்டரியக் கழட்டி வச்சியா, வெளக்கு ராத்திரி பூரா எரியிதா? போயிப் பாரு. அப்பிடியே சாப்புட்டுட்டு வா. ஒங்கம்மா வாசல்ல நிக்கிது, கூப்புடுதுன்னு நெனைக்கிறேன்.